கடைசிச் சுற்று குவார்ட்டர்பேக்கும் கிடைக்காத பயிற்சியும்

2024 ஆகஸ்ட் கடைசி வாரத்தில் அமெரிக்கக் கால்பந்தின் பழம்பெரும் அணியான கிரீன் பே பேக்கர்ஸ் அடுத்தடுத்த நாட்களில் இரண்டு முடிவுகளை எடுத்தது. டென்னசி டைட்டன்ஸ் அணியில் இரண்டு ஆண்டுகளைப் பெரும்பாலும் பெஞ்சிலேயே கழித்த மாலிக் வில்லிஸ் என்ற குவார்ட்டர்பேக்கை, அடுத்த ஆண்டின் வீரர் தேர்வில் (டிராஃப்ட்) ஏழாம் சுற்று வாய்ப்பு ஒன்றைக் கொடுத்து வாங்கியது முதல் முடிவு. அந்த ஏப்ரலில்தான் ஏழாம் சுற்றில் 245-வது ஆளாக எடுத்திருந்த மைக்கேல் பிராட் என்ற இளம் குவார்ட்டர்பேக்கை விடுவித்தது இரண்டாவது. முந்தைய ஆண்டு ஐந்தாம் சுற்றில் எடுத்த ஷான் கிளிஃபர்டும் அதே சமயம் 53 பேர் கொண்ட முதன்மைப் பட்டியலிலிருந்து இறக்கப்பட்டார். வளர்த்தெடுக்கலாம் என்று இரண்டு ஆண்டுகளில் தேர்ந்தெடுத்த இருவரில் ஒருவரும் பட்டியலில் மிஞ்சவில்லை. வேறொரு அணி இரண்டு ஆண்டுகள் வைத்திருந்த ஒருவர் அதே ஏழாம் சுற்று விலைக்கு வந்து சேர்ந்தார்.

செப்டம்பர் 6 அன்று சாவோ பாலோவில் நடந்த முதல் ஆட்டத்தின் இறுதியில் முதன்மை குவார்ட்டர்பேக் ஜோர்டன் லவ் முழங்காலில் அடிபட்டார். அணிக்கு வந்து மூன்று வாரம்கூட ஆகாத வில்லிஸ் அடுத்த இரண்டு ஆட்டங்களையும் வென்று கொடுத்தார். இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸுக்கு எதிரான முதல் வெற்றியில் அவர் எறிந்தது 14 பாஸ்கள் மட்டுமே. பயிற்சியாளர் மேட் லஃப்ளூர் ஆட்டத்தைப் பந்தோடு ஓடுபவர்களிடம் ஒப்படைத்தார். அவர்கள் 261 யார்டு ஓடினார்கள். வில்லிஸுக்குத் தெரிந்த அளவுக்கு ஆட்டத் திட்டம் சுருக்கப்பட்டது என்பதே இதன் பொருள்.

கடைசிச் சுற்றுகளில் குவார்ட்டர்பேக்கைத் தேர்ந்தெடுப்பது பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஆறாம் சுற்றில் வந்து பெரும் நட்சத்திரமான டாம் பிரேடியின் பெயர்தான் முதலில் வரும். ஆனால் இந்த ஆகஸ்ட் நிகழ்ச்சி அதைவிட உண்மைக்கு அருகில் இருக்கிறது. திறமையைக் கண்டுபிடிக்கும் கலையாக இந்த விஷயம் எப்போதும் பேசப்படுகிறது. என் பார்வையில் இது பெரும்பாலும் இடமும் நேரமும் பற்றிய கேள்வி. எடுத்த பையனுக்குப் பட்டியலில் ஓர் இடமும், களத்தில் பயிற்சி நேரமும், அருகில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க ஓர் ஆளும் இல்லாவிட்டால், தேர்வாளரின் கண் எவ்வளவு கூர்மையானதாக இருந்தும் பயனில்லை. அந்த மூன்றையும் தரும் சூழல் அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லில் கடந்த கால் நூற்றாண்டில் சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது.

விளையாட்டின் அமைப்பைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குவார்ட்டர்பேக் ஒவ்வொரு நகர்விலும் பந்தைப் பெற்று, எதிரணியின் தடுப்பு அமைப்பைச் சில நொடிகளில் படித்து, எறிவதா கொடுப்பதா என்று முடிவெடுப்பவர். களத்தில் ஒரு நேரத்தில் ஒருவர்தான். மற்ற இடங்களில் ஆட்டத்தின் நடுவே ஆட்களை மாற்றி மாற்றி இறக்குவார்கள். இந்த இடத்தில் காயமோ படுதோல்வியோ இல்லாமல் யாரும் மாற்றுவதில்லை. வார நாட்களின் பயிற்சியிலும் முதல் அணியோடு ஆடும் வாய்ப்பு ஏறக்குறைய முழுவதும் முதன்மை ஆட்டக்காரருக்கே. மாற்று ஆள் செய்வது, வரும் ஞாயிற்றுக்கிழமை எதிர்கொள்ளப்போகும் அணியின் குவார்ட்டர்பேக்கைப்போல நடித்து, தன் அணியின் தடுப்பாளர்களுக்குப் பயிற்சி கொடுப்பது. தன் அணியின் திட்டத்தை அவர் காகிதத்திலும் காணொளியிலும் படிப்பார். பிறர் அணியின் திட்டத்தைக் களத்தில் ஓட்டுவார். கிரிக்கெட்டில் மாற்று விக்கெட் கீப்பருக்கு ரஞ்சிப் போட்டி இருக்கிறது. இவருக்கு அப்படி எதுவும் இல்லை.

வீரர் தேர்வான டிராஃப்டில் ஏழு சுற்றுகள், 32 அணிகள். முதல் சுற்றில் அணிகள் தங்கள் எதிர்காலத்தையே பணயம் வைக்கின்றன. நான்காம் சுற்றிலிருந்து ஏழாம் சுற்று வரை எடுக்கப்படும் குவார்ட்டர்பேக் பெரும்பாலும் மூன்றாவது ஆளாகவே பார்க்கப்படுகிறார். 1990-களின் தொடக்கத்தில் டல்லாஸ் கவ்பாய்ஸ் உருவாக்கிய புகழ்பெற்ற மதிப்பீட்டு அட்டவணையில் முதல் தேர்வுக்கு 3000 புள்ளிகள். ஆறாம் சுற்றுத் தேர்வு முப்பதைக்கூடத் தொடாது. இழந்தாலும் வலிக்காத விலை. அந்த மலிவுதான் இளைஞனுக்கு எதிராகவும் வேலை செய்கிறது, ஏனென்றால் குறைந்த விலைக்கு வாங்கியதைத் தூக்கிப் போடவும் யாரும் தயங்குவதில்லை.

அதே கிரீன் பேயில் முப்பது ஆண்டுகளுக்கு முன்பு வேறொரு வழக்கம் இருந்தது. 1991 முதல் 2001 வரை பொது மேலாளராக இருந்த ரான் வுல்ஃப், ஏறத்தாழ ஒவ்வோர் ஆண்டும் ஒரு குவார்ட்டர்பேக்கை எடுத்தார். அவருக்கு அவசரத் தேவை எதுவும் இல்லை. 1992-ல் அவரே வாங்கி வந்த பிரெட் ஃபாவ் அந்த ஆண்டு செப்டம்பரில் தொடங்கி ஓர் ஆட்டத்தைக்கூடத் தவறவிடாமல் ஆடிக்கொண்டிருந்தார். அந்தத் தொடர் 2010 வரை, மொத்தம் 297 ஆட்டங்கள், அறுபடவே இல்லை. அதாவது வுல்ஃப் எடுத்த இளைஞர்கள் யாருக்கும் கிரீன் பேயில் ஆட வாய்ப்பே இல்லை. ஆனாலும் எடுத்தார். 1993-ல் ஐந்தாம் சுற்றில் மார்க் புருனல், 1998-ல் ஆறாம் சுற்றில் மேட் ஹாசல்பெக், 1999-ல் நான்காம் சுற்றில் ஆரன் புரூக்ஸ். இடையில் பெயர் தெரியாமல் போனவர்களும் உண்டு.

புருனலை 1995-ல் புதிதாகத் தொடங்கிய ஜாக்சன்வில் அணி மூன்றாம், ஐந்தாம் சுற்றுத் தேர்வுகளைக் கொடுத்து வாங்கியது. இரண்டே பருவங்களில் அவர் அந்த அணியைத் தன் பிரிவின் இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனார். புரூக்ஸ் நியூ ஆர்லியன்ஸுக்குப் போன அதே ஆண்டில் அந்த அணியின் வரலாற்றிலேயே முதல் பிளேஆஃப் வெற்றி கிடைத்தது. ஹாசல்பெக்கின் கதை இன்னும் கவனிக்கத்தக்கது. முதல் ஆண்டு முழுவதும் அவர் பயிற்சிக் குழுவில் இருந்தார். ஃபாவின் பின்னால் நின்று, தலைமைப் பயிற்சியாளர் மைக் ஹோம்கிரனின் முறையைக் கற்றார். அப்போது அங்கே குவார்ட்டர்பேக் பயிற்சியாளர் ஆண்டி ரீட். 2001-ல் சியாட்டிலுக்குப் போயிருந்த ஹோம்கிரன் அவரைக் கேட்டு வாங்கினார். பதிலுக்கு கிரீன் பே முதல் சுற்றில் 17-வது இடத்திலிருந்து 10-வது இடத்துக்கு ஏறியது. ஒரு மூன்றாம் சுற்றுத் தேர்வும் கிடைத்தது. ஆறாம் சுற்றில் போட்ட விதைக்கு அபாரமான மகசூல். அந்த 10-வது தேர்வில் கிரீன் பே எடுத்த ஜமால் ரெனால்ட்ஸ் சோபிக்கவில்லை என்பது வேறு விஷயம். ஹாசல்பெக் சியாட்டிலை 2006 பிப்ரவரியில் லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலுக்கு முதன்முறையாக அழைத்துச் சென்றார்.

இதை நல்ல வியாபாரம் என்று மட்டும் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நான் இதில் பார்ப்பது ஒரு பள்ளிக்கூடம். ஒரே ஆட்டமுறை, மாறாத ஆசிரியர்கள், முன்னால் நின்று ஆடிக் காட்ட ஒரு மேதை. மாணவர்கள் மாறினார்கள், பள்ளி மாறவில்லை.

பிரேடிக்கு வருவோம். 2000-ஆம் ஆண்டு டிராஃப்டில் ஆறாம் சுற்று, 199-வது தேர்வு. அவருக்கு முன்னால் ஆறு குவார்ட்டர்பேக்குகள் போனார்கள் என்பதைத் தேர்வாளர்களின் குருட்டுத்தனத்துக்குச் சான்றாகச் சொல்வது வழக்கம். அந்த ஆறு பேரை வேறு விதமாகப் படிக்கலாம். முதல் சுற்றில் போன சாட் பென்னிங்டன் நல்ல ஆட்டக்காரராக நிலைத்தார். மூன்றாம் சுற்றில் சான் பிரான்சிஸ்கோ எடுத்த ஜியோவானி கார்மாசி ஒரு பருவ ஆட்டத்தில்கூட இறங்காமலே போனார். ஆறாம் சுற்றில் மார்க் பல்ஜரை எடுத்த நியூ ஆர்லியன்ஸ் அவரை விடுவித்துவிட்டது. செயின்ட் லூயிஸ் ராம்ஸுக்குப் போய் அங்கே அவர் முதன்மை ஆட்டக்காரராகி நட்சத்திர ஆட்டத்துக்கும் தேர்வானார். பல்ஜரை இழந்த அணி அவரைத் தேர்ந்தெடுப்பதில் தவறவில்லை, வைத்துக்கொள்வதில் தவறியது.

நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் செய்த அசாதாரணக் காரியம் தேர்வுக்குப் பிறகு நடந்தது. 2000 பருவத்தில் ட்ரூ பிளெட்சோ, ஜான் ஃபிரீஸ், மைக்கேல் பிஷப், பிரேடி என்று நான்கு குவார்ட்டர்பேக்குகளை 53 பேர் பட்டியலில் வைத்திருந்தது. தோற்றுக்கொண்டிருந்த, ஆள் பற்றாக்குறை உள்ள அணி அது. மூன்றாவது குவார்ட்டர்பேக்குக்கே இடம் கொடுக்கப் பலர் தயங்கும்போது நான்காவதுக்கு இடம் கொடுத்தார் அதன் தலைமைப் பயிற்சியாளர் பில் பெலிச்சிக். அந்த ஆண்டு முழுவதும் பிரேடி எறிந்தது மூன்று பாஸ்கள். ஒன்று சேர்ந்தது, ஆறு யார்டு. அவரை எடுக்கச் சொல்லி வாதாடிய குவார்ட்டர்பேக் பயிற்சியாளர் டிக் ரேபைன் 2001 ஆகஸ்டில் இறந்துபோனார். தன் மாணவன் முதன்மை ஆட்டக்காரராக நிற்பதை அவர் பார்க்கவில்லை. பத்து ஆண்டு, 103 மில்லியன் டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்த பிளெட்சோ செப்டம்பர் 23 அன்று ஜெட்ஸ் வீரர் மோ லூயிஸ் மோதியதில் படுகாயமடைந்தபோது, பிரேடிக்கு ஒரு முழு ஆண்டின் பாடமும் ஒரு முழுக் கோடைப் பயிற்சியும் கைவசம் இருந்தன. 2000 ஆகஸ்டிலேயே அவரை விடுவித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தால் இந்த விஷயத்தின் அச்சு எங்கே இருக்கிறது என்று புரியும்.

பெலிச்சிக் பிறகும் இந்தப் பழக்கத்தை விடவில்லை. 2005-ல் ஏழாம் சுற்றில் 230-வதாக மேட் காசலை எடுத்தார். தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஓர் ஆட்டத்தைக்கூடக் குவார்ட்டர்பேக்காகத் தொடங்காதவர் காசல். முன்னால் கார்சன் பாமர், மேட் லைனார்ட் என்று இரண்டு பெரிய பெயர்கள். 2008-ல் முதல் ஆட்டத்திலேயே பிரேடியின் முழங்கால் தசைநார் கிழிந்தது. காசல் இறங்கினார், அணி 11 வெற்றிகளோடு பருவத்தை முடித்தது. அடுத்த வசந்தத்தில் அவரையும் தடுப்பாட்டக்காரர் மைக் விரேபலையும் கன்சாஸ் சிட்டிக்குக் கொடுத்து 34-வது தேர்வைப் பெற்றார்கள். நான்கு ஆண்டுகளில் 230-வது தேர்வு 34-வது தேர்வாக மாறியது. ரோஹன் டேவி, கிளிஃப் கிங்ஸ்பரி, ஸாக் ராபின்சன், டேனி எட்லிங் என்று பலிக்காதவர்களின் வரிசையும் அதே அணியில் நீளமாகவே இருக்கிறது. ஆனால் காசலுக்குக் கிடைத்த மூன்று முழுப் பருவங்களின் காத்திருப்பு இன்று யாருக்குக் கிடைக்கிறது?

இந்த இடத்தில்தான் காலத்தின் மாற்றம் வருகிறது. அணிகளில் இடம் கிடைக்காதவர்களை அனுப்பிப் பழக்க ஐரோப்பாவில் ஒரு லீக் நடந்தது. பின்னாளில் நட்சத்திரமான குவார்ட்டர்பேக் கர்ட் வார்னர் 1998-ல் ஆம்ஸ்டர்டாமில் ஆடித்தான் மெருகேறினார். 2007-ல் அது மூடப்பட்டது. 2011-ல் கையெழுத்தான தொழிலாளர் ஒப்பந்தம் ஒரே நாளில் இருமுறை கவச உடையோடு பயிற்சி எடுப்பதைத் தடைசெய்தது. பருவத்தின் நடுவே கவசப் பயிற்சி மொத்தம் 14 தான் என்று வரம்பு வைத்தது. கோடைக்கு முந்தைய பயிற்சிக் காலத்தையும் ஒன்பது வாரமாகக் குறைத்தது. வீரர்களின் உடலுக்கு இது தேவையான பாதுகாப்பு, அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் குறைந்த நேரம் முழுவதும் முதன்மை ஆட்டக்காரருக்குப் போனது. வெட்டு விழுந்தது வரிசையின் கடைசியில் நிற்பவருக்கு. 2021-ல் பருவம் 17 ஆட்டங்களாக நீண்டபோது, இளைஞர்கள் உண்மையான எதிரணியைச் சந்திக்கும் ஒரே மேடையான முன்பருவ ஆட்டங்கள் நான்கிலிருந்து மூன்றாகின.

அதே 2011 ஒப்பந்தம் புதுமுகங்களின் ஊதியத்தையும் கட்டுப்படுத்தியது. 2010-ல் முதல் தேர்வான சாம் பிராட்ஃபோர்டுக்கு உறுதி செய்யப்பட்ட தொகை மட்டும் 50 மில்லியன் டாலர்; மறு ஆண்டு முதல் தேர்வான கேம் நியூட்டனின் நான்காண்டு ஒப்பந்தமே மொத்தம் 22 மில்லியன். முதல் சுற்று குவார்ட்டர்பேக் மலிவாக இருக்கும் நான்கைந்து ஆண்டுகளுக்குள் வெல்ல வேண்டும் என்ற அவசரம் பிறந்தது. அப்படி எடுக்கப்பட்டவர்களில் பலர் முதல் வாரத்திலேயே களமிறக்கப்பட்டார்கள். மறுபுறம், நிலைபெற்ற முதன்மை ஆட்டக்காரர்களின் ஊதியம் விண்ணைத் தொட்டதால், அனுபவமுள்ள மாற்று ஆளுக்குச் சில மில்லியன் டாலர் கொடுப்பதும் சுமையாகிவிட்டது. ஐந்தாம் சுற்று இளைஞனுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லியன்தான். ஆக, கற்பிக்க நேரம் குறைந்த அதே காலத்தில், கற்காத இளைஞனையே இரண்டாவது ஆளாக நிறுத்தும் ஆசை கூடியது. இந்த முரண்பாட்டை அணி நிர்வாகங்கள் நேராகப் பார்ப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அப்படியானால் யாரை எடுப்பது? உயரம், வலுவான தோள், வேகமான கால். மற்றதைச் சொல்லிக் கொடுத்துக்கொள்ளலாம் என்பது பழைய நம்பிக்கை. 2014-ல் அரிசோனா நான்காம் சுற்றில் எடுத்த லோகன் தாமஸ் ஆறடி ஆறங்குலம். என்எஃப்எல்லில் குவார்ட்டர்பேக்காக அவர் எறிந்தது ஒன்பது பாஸ்கள், சேர்ந்தது ஒன்று. பிறகு பந்தைப் பிடிக்கவும் எதிரணியைத் தடுக்கவும் செய்யும் டைட் எண்ட் இடத்துக்கு மாறி அங்கே நன்றாகவே ஆடினார். அந்த உடல் வலிமை வீண்போகவில்லை, குவார்ட்டர்பேக் இடத்தில்தான் பயன்படவில்லை. 2016-ன் நான்காம் சுற்று இன்னும் தெளிவாகப் பேசுகிறது. 135-வது இடத்தில் டல்லாஸ் எடுத்தது டாக் பிரெஸ்காட்டை. நான்கு இடம் தள்ளி பஃபலோ எடுத்தது கார்டேல் ஜோன்ஸை. ஜோன்ஸிடம் பீரங்கிபோன்ற தோள் இருந்தது. கல்லூரியில் தொடங்கிய ஆட்டங்கள் 11 மட்டுமே. பிரெஸ்காட் மிசிசிப்பி ஸ்டேட் அணியைப் பல பருவங்கள் தோளில் சுமந்தவர். அந்த ஆகஸ்டில் டல்லாஸின் மாற்று ஆள் கெல்லன் மூரின் கால் முறிந்து, முதன்மை ஆட்டக்காரர் டோனி ரோமோவின் முதுகும் அடிபட்டதால் வழி திறந்தது. பிரெஸ்காட் 13 வெற்றிகளைத் தந்தார். ஜோன்ஸுக்கு அப்படி ஒரு வாய்ப்பு வரவில்லை என்பதும் உண்மை. ஒரே ஒப்பீட்டை வைத்து விதி எழுத முடியாது.

ஆனால் பிராக் பர்டியும் அதே திசையைத்தான் காட்டுகிறார். 2022 டிராஃப்டின் கடைசி ஆள், 262-வது. அயோவா ஸ்டேட்டில் நான்கு பருவங்கள் ஆடியவர். தோள் வலு சாதாரணம், கண்ணும் முடிவெடுக்கும் வேகமும் தேர்ந்தவை. சான் பிரான்சிஸ்கோ 49எர்ஸ் அவருக்காக அனுபவசாலியான நேட் சட்ஃபெல்டை விடுவித்து, மூன்றாவது ஆளாகப் பட்டியலில் வைத்தது. மூன்று முதல் சுற்றுத் தேர்வுகளைச் செலவழித்து வாங்கிய ட்ரே லான்ஸ் கணுக்கால் முறிந்து விழ, பிறகு ஜிம்மி கரோப்போலோவும் பாதம் முறிந்து வெளியேற, பர்டி இறங்கித் தோற்காமல் ஆடினார். பயிற்சிக்கு நேரம் இல்லாத காலத்தில் ஏற்கெனவே நிறைய ஆடிப் பழகியவனை எடுப்பதே புத்திசாலித்தனம் என்று நான் நினைக்கிறேன். கல்லூரி வீரர்கள் விளம்பர வருமானம் பெற 2021-ல் வழி பிறந்தபின் பலர் ஐந்து, ஆறு ஆண்டுகள் கல்லூரியிலேயே ஆடுகிறார்கள். என்எஃப்எல் தர மறுக்கும் பயிற்சியை இப்போது கல்லூரி தருகிறது.

பர்டியின் அந்தப் பருவம் 2023 ஜனவரி 29 அன்று பிலடெல்ஃபியாவில் முடிந்தது. அவருடைய முழங்கை தசைநார் கிழிந்தது; அடுத்து இறங்கிய ஜாஷ் ஜான்சன் தலையில் அடிபட்டு வெளியேறினார். மூன்றாவது குவார்ட்டர்பேக் உடையணிந்து தயாராக இல்லை. எறிய முடியாத கையோடு பர்டியே திரும்பி வந்து பந்தைப் பிறர் கையில் கொடுத்துக்கொண்டிருந்தார். 31-7 தோல்வி. சில மாதங்களில் லீக், ஆட்ட நாள் எண்ணிக்கையில் சேராத அவசர மூன்றாவது குவார்ட்டர்பேக்கை அனுமதிக்கும் விதியைத் திரும்பக் கொண்டுவந்தது. நல்ல விதிதான், ஆனால் அது ஒருவருக்கு ஞாயிற்றுக்கிழமை உடை கொடுக்கிறதே தவிர, புதன்கிழமை பயிற்சி கொடுப்பதில்லை.

அந்தப் புதன்கிழமையின் எடை என்ன என்பதை 2025 நவம்பரில் கிளீவ்லாண்ட் காட்டியது. முதல் சுற்றில் போவார் என்று பேசப்பட்டு ஐந்தாம் சுற்றில் 144-வதாக விழுந்த ஷெடூர் சாண்டர்ஸ், முதன்மை ஆட்டக்காரர் டில்லன் கேப்ரியல் தலையில் அடிபட்டதால் பால்டிமோருக்கு எதிராகப் பாதி ஆட்டத்தில் இறங்கினார். அதுவரை முதல் அணியோடு அவர் பயிற்சி எடுத்ததே இல்லை எனலாம். 16 பாஸ்களில் சேர்ந்தது 4. மொத்தம் 47 யார்டு. மறு வாரம் முதன்மை ஆட்டக்காரராக முழு வாரமும் பயிற்சி எடுத்தபின் லாஸ் வேகஸில் 209 யார்டு எறிந்து அணியை வெற்றிக்கு அழைத்துச் சென்றார். பால்டிமோரைவிட லாஸ் வேகஸ் பலவீனமான எதிரி என்பதைக் கணக்கில் எடுத்தாலும், இரண்டு ஞாயிறுகளுக்கு நடுவே அவருடைய தோள் மாறிவிடவில்லை.

பலிக்காத தேர்வுகள் வேறு விதத்தில் பலிப்பதும் உண்டு. பேட்ரியாட்ஸ் 2008-ல் மூன்றாம் சுற்றில் எடுத்து மறு ஆண்டே விடுவித்த கெவின் ஓ’கானல் ஆட்டக்காரராக வெறும் ஆறு பாஸ்கள் எறிந்தவர். 2022-ல் மினசோட்டா வைக்கிங்ஸின் தலைமைப் பயிற்சியாளரானார். 2023 அக்டோபர் 29 அன்று அவருடைய முதன்மை ஆட்டக்காரர் கர்க் கசின்ஸின் குதிகால் நாண் அறுந்தது. 2012-ல் வாஷிங்டன் அணி டிராஃப்டின் இரண்டாவது தேர்வாக ராபர்ட் கிரிஃபினை எடுத்தபின், அதே டிராஃப்டின் நான்காம் சுற்றில் உபரியாக எடுத்தவர் கசின்ஸ். அடுத்த ஞாயிறு அட்லாண்டாவில் இறங்கியவர் அந்த ஆண்டின் ஐந்தாம் சுற்றுப் புதுமுகம் ஜேரன் ஹால். முதல் கால் பகுதியிலேயே ஹால் தலையில் அடிபட்டு வெளியேறினார். மிஞ்சியவர் ஜாஷுவா டாப்ஸ்: 2017-ன் நான்காம் சுற்றுத் தேர்வு, விமானவியல் பொறியாளர், ஐந்து நாட்களுக்கு முன்புதான் வாங்கப்பட்டவர்.

டாப்ஸ் முதல் அணியோடு ஒரு நகர்வைக்கூடப் பழகியிருக்கவில்லை. பந்தைக் கேட்கும் குரலின் தாளத்தை முன்வரிசைக் காப்பாளர்களோடு ஆட்டத்தின் நடுவே, களத்தின் ஓரத்தில் பழகிக்கொண்டார். ஓ’கானல் ஹெல்மெட் வானொலி அணையும் நொடி வரை ஒவ்வொரு நகர்வையும் காதில் விளக்கிக்கொண்டே இருந்தார். கடைசி 22 நொடி இருக்கையில் பிராண்டன் பவலுக்கு எறிந்த பாஸ் 31-28 என்று வெற்றியைத் தந்தது. டிசம்பரில் டாப்ஸ் தடுமாறியபோது, டிராஃப்டில் யாருமே எடுக்காத நிக் மல்லன்ஸ் அவர் இடத்துக்கு வந்தார். ஆண்டின் கடைசி நாளில் ஹாலுக்கு இன்னொரு வாய்ப்பு கிடைத்தது. இடைவேளைக்குப் பிறகு அவர் களத்துக்குத் திரும்பவில்லை. 2024 ஏப்ரலில் மினசோட்டா முதல் சுற்றின் 10-வது தேர்வாக குவார்ட்டர்பேக் ஜே.ஜே. மெக்கார்த்தியை எடுத்தது. அடுத்த பருவம் தொடங்கும்போது ஹால் அந்த அணியில் இல்லை.